மர்லின் மன்றோவின் சப்வே கவுன்: பிளீட் நிற்க என்ன துணி, எப்படி வெட்டுவது?

நூல்கண்டு:
‘தி செவன் இயர் இட்ச்’ (1955) படத்தில் சப்வே (சுரங்க ரயில்) கம்பிவலை மேல் பாவாடை காற்றில் பறக்க நிற்கும்போது மர்லின் மன்றோ போட்டிருக்கும் கவுன், கல்லூரி நாடகம் ஒன்றுக்கு வேண்டும். இடுப்பு 28, அங்கிருந்து நீளம் 27 இன்ச். விஸ்கோஸ் கிரேப்பை நேர்த்துணியாக எடுத்து நைஃப் பிளீட் வைத்து அயர்ன் பண்ணியாயிற்று. இடுப்பு தடிக்கிறது, கீழே விரியவில்லை, லேசாக நனைந்ததும் மடிப்பே காணோம். மேல்பாகம் முன்னால் தொங்குகிறது, கழுத்துப் பட்டி பிடரியை அறுக்கிறது. எங்கே தப்பு?

வெட்டுத்துணி:
முதல் தப்பு வெட்டில். அந்தக் கவுனில் இருப்பது சன்ரே பிளீட். மடிப்பு இடுப்பில் ஒல்லியாக ஆரம்பித்து கீழே போகப்போக அகலமாகும். ஹார்மோனியத் துருத்தி மாதிரி எழுந்து நிற்கும், நைஃப் பிளீட் போல ஒன்றின்மேல் ஒன்று படுக்காது. அதனால்தான் இடுப்பு தடிப்பதில்லை. இதற்கு வட்டமாகத்தான் வெட்ட வேண்டும்.

மடிப்பு விழுந்ததும் சுற்றளவு பாதியாகும் என்று வையுங்கள். அப்போது வெட்டும் இடுப்பு 56. இரண்டு அரைவட்டம், ஒவ்வொன்றிலும் உள்வளைவு 28, ஆரம் 8.9 இன்ச். நீளமும் தையலுக்கு 1 இன்ச்சும் சேர்த்தால் வெளி ஆரம் 37. 44 இன்ச் பன்னாவில் (துணி அகலத்தில்) ஒரு அரைவட்டத்துக்கு 74 இன்ச் போகும். பாவாடைக்கு மட்டும் 4 மீட்டர் எடுங்கள். மடிப்பு இடுப்பில் கால் இன்ச் என்றால் விளிம்பில் ஒரு இன்ச் வரும்.

வெட்டிய கையோடு பிளீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இடுப்பைப் பிடித்து ஒரு நாள் தொங்கவிட வேண்டும். கிராஸ் (இழைக்குச் சாய்வாக) விழும் இடம் இறங்கும், நேர் இழை உள்ள இடம் அப்படியே நிற்கும். அதைச் சமன் செய்து, விளிம்பை 3 மி.மீ.க்குச் சுருட்டித் தைத்து முடித்தபிறகுதான் பிளீட். பிளீட் ஆன துணியில் விளிம்பு அடித்தால் மடிப்பெல்லாம் நெளியும். அகலமாக மடித்தடித்தாலோ கனம் கூடி, காற்றில் பாவாடை எழும்பவே எழும்பாது. இந்தக் கவுனுக்கு உயிரே அதுதானே!

இழை:
துணியைப் பற்றி. படத்தின் ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் டிராவில்லா இந்தக் கவுனுக்கு எடுத்தது தந்த நிற ரேயான்-அசிடேட் கிரேப். ரேயான், அதாவது விஸ்கோஸ், தனியாக மடிப்பைப் பிடிக்காது. ஈரம் இழைக்குள் புகுந்ததும் அயர்ன் சூட்டில் உண்டான பிடிப்பு அவிழ்ந்துவிடும். அசிடேட் அப்படியல்ல, சூட்டில் இளகி, ஆறும்போது இறுகும். இன்றைக்கு அதே குணம் இன்னும் உறுதியாகக் கிடைப்பது முழு பாலியஸ்டர் கிரேப்பிலும் ஜார்ஜெட்டிலும். வாங்குமுன் ஒரு நூலை எரித்துப் பாருங்கள். உருகிக் கெட்டி மணியானால் எடுக்கலாம். காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலானால் விஸ்கோஸ்.

வீட்டு அயர்ன் போதாது, பிளீட் போடும் இடத்தில் கொடுங்கள். ஒரே மாதிரி மடித்த இரண்டு அட்டைகளுக்கு நடுவே துணியை வைத்துச் சுருக்கிக் கட்டி, ஆவியில் வைப்பார்கள். முழுக்க ஆறிக் காய்ந்தபிறகே பிரிக்கச் சொல்லுங்கள், சூட்டோடு பிரித்தால் மடிப்பு தளர்ந்துவிடும். முதலில் ஒரு துண்டைக் கொடுத்து வாங்கி, நனைத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுப்பது நல்லது.

பளீர் வெள்ளை வேண்டாம், ஃபிளாஷ் பட்டால் நீலம் அடிக்கும். அசல் கவுன் 2011-ல் ஏலம் போனபோது எடுத்த படங்களைப் பார்த்தும் நிறத்தை முடிவு செய்யாதீர்கள், அதற்குள் அந்தத் துணிக்கு ஐம்பது வயது தாண்டி, பழுப்பேறிவிட்டது.

கிராஸ்பீஸ்:
பாவாடையின் எடை முழுவதையும் கழுத்துப் பட்டி சுமப்பதால்தான் பிடரி அறுக்கிறது. ஒரு இன்ச் அகலக் கெட்டி ரிப்பனை இடுப்பளவைவிட அரை இன்ச் குறைவாக எடுத்து, இடுப்புத் தையலின் உள்பக்கம் நாலைந்து இடத்தில் மட்டும் பிடியுங்கள். கவுனை உடுத்தும்போது, பின்னால் ஜிப்பை இழுத்து மூடுவதற்கு முன் இதைத் தனி ஹூக்கில் மாட்ட வேண்டும். எடை இடுப்பிலேயே நின்றுவிடும்.

முன்னால் தொங்குவது கிராஸில் வெட்டிய கழுத்தோரம் இழுபட்டதால். லைனிங் துணியின் கரையிலிருந்து கால் இன்ச் நாடா வெட்டி, கழுத்தோரத்தைவிட அரை இன்ச் குறைத்து வைத்துத் தையுங்கள். அந்த அரை இன்ச்சை மார்புக்கு நேரே மட்டும் அடக்க வேண்டும், பிடரிப் பக்கம் சமமாகப் போகட்டும். மார்பில் வரும் மடிப்புகளுக்கு அயர்ன் ஆகாது. கையால் மடித்து, லைனிங்கோடு சேர்த்து ஊசித்தையலில் நிறுத்தினால்தான் அந்தக் குழைவு வரும்.

நூல்கண்டு:
நன்றி. பிளீட் ஆகி வரும்போது இடுப்பு 29, 30 என்று இருந்தால்? ஜிப் எங்கே வைப்பது?

வெட்டுத்துணி:
சுருக்கம் வைக்காதீர்கள், மடிப்பை நெருக்கினாலே போதும். இடுப்பு 28-க்குக் கால் இன்ச் வீதம் மொத்தம் 112 மடிப்பு. இடுப்புப் பட்டியை நாலு பாகமாகக் குறித்து, 7 இன்ச்சுக்கு 28 மடிப்பு என்று எண்ணிப் பின் குத்துங்கள். அரைவட்டங்களின் ஓர் இணைப்பு பின்நடுவில் வரட்டும், ஜிப் அங்கே. இன்னொன்று முன்நடுவில், மடிப்பின் உள்பள்ளத்தில் தைத்தால் வெளியே தெரியாது.