உதவி தேவை: 1960 சூப்பர் மீட்டியோர் ஏர்ஃப்ளோ, இந்த ஃபேரிங்கை நம்பி வாங்கலாமா?

தேரடித்தம்பி (கோவென்ட்ரி)

வணக்கம். ஒரு பழைய வண்டியை வாங்குவதா, விடுவதா என்று மூன்று வாரமாக மண்டை காய்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

வண்டி 1960 ராயல் என்ஃபீல்ட் சூப்பர் மீட்டியோர். 692 சிசி, இரட்டைச் சிலிண்டர், இங்கிலாந்து ரெடிச் ஆலையில் செய்தது. விசேஷம் அதன் ஏர்ஃப்ளோ ஃபேரிங். முன்னால் மூக்கிலிருந்து கால் வரைக்கும் இறங்கும் முழு ஃபைபர் கூடு. நான் திருவொற்றியூரில் வளர்ந்தவன், என்ஃபீல்ட் கம்பெனியைச் சுற்றியே விளையாடியவன். நானே இப்படியொரு என்ஃபீல்டைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

விற்பவர் ஓய்வு பெற்றவர், ஹெரிஃபோர்ட் பக்கம் ஒரு கிராமம். நான்கு வருடம் உட்கார்ந்து ரெஸ்டோர் செய்திருக்கிறார். பெயிண்டும் குரோமும் கண்ணைப் பறிக்கின்றன. 8,500 பவுண்டு கேட்கிறார். அதில் பெரும்பங்கு ஃபேரிங்குக்குத்தான் என்பதை அவரே ஒளிக்காமல் சொல்கிறார்.

இருபது மைல் ஓட்டிப் பார்த்தேன். இழுவை அருமை. ஆனால் மூன்று விஷயம் உறுத்துகிறது. நின்ற இடத்தில் ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் திருப்பினால் ஐடிலிங் தானாக ஏறுகிறது. திரும்பி வந்து பார்த்தால் சிலிண்டர் அடியில் புது ஆயில் ஈரம். அப்புறம் 45 மைல் வேகத்தில் ஃபேரிங்குக்குள் ஒரு தகர டப்பா சத்தம், 50ஐத் தாண்டினால் போய்விடுகிறது. முழங்காலால் இடது பக்கக் கூட்டை அழுத்தினாலும் நின்றுவிடுகிறது.

இது சின்ன வேலையா, இல்லை கைகழுவிவிட்டு வர வேண்டிய வண்டியா?

ஒத்தை_பிஸ்டன்

நீங்கள் போனபோது எஞ்சின் குளிர்ந்திருந்ததா, சூடாக இருந்ததா?

தேரடித்தம்பி

நான் போகும்போதே ஓடிக்கொண்டிருந்தது. உங்களுக்காகச் சூடாக்கி வைத்தேன் என்றார்.

ஒத்தை_பிஸ்டன்

அப்படியென்றால் நீங்கள் இன்னும் வண்டியைப் பார்க்கவே இல்லை. மறுபடி போங்கள். கிளம்புவதற்கு முன் போன் செய்து, தொடாமல் வையுங்கள், முதல் உதை நான்தான் உதைப்பேன் என்று சொல்லிவிடுங்கள். போனதும் சைலன்சரைத் தொட்டுப் பாருங்கள்.

மதுரை_இரும்பு

ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். ஃபேரிங் மேல் ஓட்டிப் பார்த்தால் எங்கெங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒத்தை_பிஸ்டன்

அண்ணே, அது ஃபைபர். புதிதாக இருந்தாலும் காந்தம் ஒட்டாது.

மதுரை_இரும்பு

சரி சரி. டேங்குக்கு எடுத்துப் போகட்டும்.

வில்லிவாக்கம்_பழைய_பட்டறை

தம்பி, இந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை நான் பிரித்ததில்லை. ஆனால் புல்லட்டில் முப்பது வருடம் கை வைத்தவன். ரெடிச்காரர்கள் ஆயில் வைக்கிற முறை இரண்டிலும் ஒன்றுதான், தனி ஆயில் டேங்க் கிடையாது, எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஓர் அறை. அதனால் புல்லட்டுக்கு வரும் வியாதி இதற்கும் வரும்.

முதலில் ஐடிலிங். மூன்றில் ஆபத்தானது இதுதான், ஆனால் சரிசெய்யச் செலவே இல்லாதது. ஆக்சிலேட்டர் வலது கையில். ஹேண்டிலை இடது பக்கம் திருப்பும்போது வலது கை முன்னால் போகும், கேபிள் இழுபடும். ஃபேரிங் இல்லாத வண்டியில் கேபிள் தாராளமாக வளைந்து கொடுக்க இடம் இருக்கும். இதில் அந்த இடத்தைக் கூடும் அதன் கம்பிகளும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. புதுக் கேபிளைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டிருப்பார், அல்லது ஃபேரிங் பிராக்கெட்டுக்குத் தப்பான பக்கம் விட்டிருப்பார். எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு கையால் கேபிளைப் பிடித்தபடி ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பு, எங்கே மாட்டுகிறது என்று கைக்கே தெரியும். கிளட்ச், பிரேக் கேபிளையும் அப்படியே பார். யூ டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து ஆயில். கேஸ்கட் போய்விட்டது என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதே. கிராங்க் கேஸுக்குள் சேரும் அழுத்தம் வெளியேற ப்ரீதர், அதாவது காற்றுப்போக்கிக் குழாய், சரியாக வேலை செய்ய வேண்டும். ப்ரீதர் அடைத்தால், மேலே எத்தனை கேஸ்கட் போட்டாலும் ஆயில் எங்காவது வழி தேடிக்கொள்ளும். நம்மூர் புல்லட்டில் டக்பில் ரப்பர் (ப்ரீதர் நுனியில் வாத்து அலகு மாதிரி இருக்கும் ஒருவழி வால்வு) இறுகிப்போனால் இதே கதைதான். மூட்டுகளில் சிலிக்கான் பசை பிதுங்கி நிற்கிறதா என்று பார். வெளியே பிதுங்கியிருந்தால் உள்ளேயும் பிதுங்கியிருக்கும், அது ஆயில் வழியை அடைத்தால் எஞ்சினுக்கே கேடு.

இன்னொன்று. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அந்த அறையிலிருந்து ஆயில் மெல்லக் கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது அளவு பார்த்தால் குறைவாகக் காட்டும். தெரியாதவர்கள் மேலே அரை லிட்டர் ஊற்றிவிடுவார்கள். ஸ்டார்ட் செய்ததும் இறங்கிய ஆயிலும் திரும்பி வரும், கணக்குக்கு மேல் ஆயில், மறுபடி கசிவு. கண்காட்சிக்கு மட்டும் எடுக்கும் வண்டி என்றால் எனக்கு இதில்தான் சந்தேகம். ஆயில் அளவை ஓட்டி நிறுத்திய பிறகு பார்க்க வேண்டும், காலையில் பார்க்கக் கூடாது.

நியூட்ரல் லிவர் இருக்கிறதா? கியர் பெட்டி பக்கத்தில் தனியாக ஒரு சின்ன நெம்புகோல். மிதித்தால் இரண்டிலிருந்தோ மூன்றிலிருந்தோ நான்கிலிருந்தோ நேரே நியூட்ரலில் விழ வேண்டும். வழுக்கினால் பெட்டிக்குள் வேலை இருக்கிறது.

மிட்லண்ட்ஸ்காரன்

பட்டறை ஐயா எஞ்சினைச் சொல்லிவிட்டார். நான் மற்றதைச் சொல்கிறேன். நானும் இந்த ஊரில் ஒரு பழைய என்ஃபீல்ட் வைத்துக் குப்பை கொட்டுகிறவன்தான்.

எஞ்சின் சாமான் பற்றிக் கவலைப்படாதீர்கள். பிர்மிங்ஹாம் பக்கத்திலேயே ஹிட்ச்காக்ஸ் என்ற சாமான் கடை இருக்கிறது, ரெடிச் வண்டிகளுக்கு நிறைய வைத்திருக்கிறார்கள். ஒரே தொல்லை, இணையத்தில் சூப்பர் மீட்டியோர் என்று தேடினால் சென்னைக்காரர்கள் 2022இல் காட்டிய 650தான் வரிசையாக வரும். வருடத்தையும் 692 என்பதையும் சேர்த்துத் தேடுங்கள். ஆனால் ஃபேரிங்? இன்னொன்று வேண்டும் என்றால் காத்திருக்க வேண்டும், எத்தனை வருடம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக நீங்கள் பணம் கொடுப்பது ஃபேரிங்குக்கு. எஞ்சினைப் பார்த்ததில் பாதி நேரமாவது அதைப் பார்த்தீர்களா?

கொஞ்சம் கதையும் தெரிந்துகொள்ளுங்கள், பேரம் பேச உதவும். 1950களின் நடுவில் 'தி மோட்டார் சைக்கிள்' வார இதழும் என்ஃபீல்டும் சேர்ந்து ட்ரீம்லைனர் என்று முழுக்க மூடிய ஒரு புல்லட்டைச் செய்து பார்த்தார்கள். அதன் வாரிசுதான் ஏர்ஃப்ளோ. பிரிஸ்டல் பிளாஸ்டிக்ஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்து ஃபைபரில் செய்தார்கள். மழை படாது, பெட்ரோல் மிச்சம் என்று சொல்லி விற்றார்கள். இங்கிலாந்தில் மழை படாது என்பதற்காகவே நான் வாங்கியிருப்பேன்.

இப்போது செய்ய வேண்டியது: ஃபேரிங்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். 8,500 கேட்பவர் ஒரு மணி நேரம் ஸ்பேனர் பிடிக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில். கழற்றியதும் வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உட்பக்கத்தைப் பாருங்கள். கையால் அடுக்கிச் செய்த ஃபைபரில் வெளியே வழவழப்பு, உள்ளே கண்ணாடி இழைப் பாயின் சொரசொரப்பு அப்படியே தெரியும். ஓரிடத்தில் மட்டும் இழை வேறு மாதிரி ஓடினால் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். உள்ளே முழுக்கத் தடிமனாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். காந்தத்துக்குப் பதில் ஒரு நாணயம் போதும், தட்டிக்கொண்டே போங்கள். டக் டக் என்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்து மொத்து என்று மாறினால் அங்கே பட்டி, அல்லது அடுக்கு பிரிந்திருக்கிறது. போல்ட் துளைகளைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் ஓடும், அதையும் பாருங்கள். இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்கும் எஞ்சின், அதிரத்தான் செய்யும். ரப்பர் இல்லாமல் இறுக்கிய ஃபைபர் துளையிலிருந்துதான் கிழிய ஆரம்பிக்கும். உங்கள் 45 மைல் சத்தம் அந்த மாதிரி ஒரு துளையிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

காகிதம்: எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் லாக்புக்கோடு (நம்மூர் ஆர்சி புக் மாதிரி) பொருந்த வேண்டும். ஓனர்ஸ் கிளப்பில் ரெடிச்சின் பழைய பதிவேடுகளை வைத்துத் தேதி சொல்வார்கள், எழுதிக் கேளுங்கள். எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை) வரலாற்றை அரசு இணையதளத்தில் பாருங்கள், ஆனால் 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி கட்டாயமில்லை, அதனால் அதற்கு மேல் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். சாலை வரி கிடையாது, லண்டன் யூலெஸ் (புகைக் கட்டுப்பாட்டு மண்டலம்) கட்டணமும் கிடையாது. கடைசியாக, டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே பழைய சீலர் பூசியிருந்தால் 2021இல் வந்த ஈ10 பெட்ரோல் (10% வரை எத்தனால் கலந்தது) அதை உரித்து கார்பரேட்டருக்கு அனுப்பும். எத்தனால் குறைந்த சூப்பர் அன்லெடட் மட்டும் போடுங்கள்.

தேரடித்தம்பி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனேன். மனிதர் முகம் சுளிக்காமல் ஃபேரிங்கைக் கழற்றினார், டீயும் கொடுத்தார். நாற்பது நிமிடம் ஆனது.

குளிர்ந்த எஞ்சின், மூன்றாவது உதையில் பிடித்தது. இரண்டு சைலன்சரிலும் நீலப் புகை, தோட்டத்துப் பூனை ஓடிவிட்டது. இரண்டு நிமிடத்தில் சுத்தமாகிவிட்டது, அதற்குப் பிறகு இழுத்து ஓட்டினாலும் புகை இல்லை. கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்றால், நீங்கள் வந்துபோன அன்றுதான் என்கிறார். ஆயில் எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். "எடுப்பதற்கு முன்னால், குறைந்திருந்தால் கொஞ்சம் ஊற்றுவேன்" என்றார். பட்டறை ஐயா, உங்கள் வாயில் சர்க்கரை.

கேபிள் பிராக்கெட்டுக்கு உள்பக்கம் ஓடியிருந்தது. வெளியே எடுத்துவிட்டதும் ஐடிலிங் அசையவில்லை. நியூட்ரல் லிவர் சுத்தமாக விழுகிறது.

இனி கெட்ட செய்தி. ஃபேரிங் உள்ளே இடது கீழ்ப்பாகம் மட்டும் தடித்த கறுப்புப் பெயிண்ட். நாணயத்தால் தட்டினால் உள்ளங்கை அகலத்துக்கு மொத்து மொத்து. அங்கே பிராக்கெட்டும் வேறு, யாரோ வீட்டில் வளைத்த பட்டைக் கம்பி, ரப்பரே இல்லை. கிளப்பிலிருந்து பதிலும் வந்தது: 1960இல் சூப்பர் மீட்டியோர் என்று வெளியே போயிருக்கிறது, ஏர்ஃப்ளோ என்ற சொல்லே இல்லை. எனக்கு விட்டுவிடலாம் போலத் தோன்றுகிறது.

மிட்லண்ட்ஸ்காரன்

அவசரப்படாதீர்கள். மற்ற இடமெல்லாம் இழை ஒரே மாதிரி ஓடுகிறது என்றால் கூடு நிஜம்தான், அடிபட்டு ஒட்டியது. ஆனால் பதிவேட்டில் சொல் இல்லை, பிராக்கெட் வீட்டு வேலை என்று இரண்டும் சேர்ந்தால், அது வேறொரு வண்டியின் ஃபேரிங் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பிறந்தபோதே ஏர்ஃப்ளோ என்ற விலையைக் கொடுக்கக் கூடாது. சூப்பர் மீட்டியோருக்கு ஒரு விலை, பழுதுபார்த்த ஃபேரிங்குக்கு ஒரு விலை, இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள். அவரை ஏமாற்றுக்காரர் மாதிரி மட்டும் பேசாதீர்கள், அவரே இப்படி வாங்கியிருக்கலாம்.

வில்லிவாக்கம்_பழைய_பட்டறை

எஞ்சின் பயமில்லை. அந்த மொத்து இடத்தை உள்ளேயிருந்து தேய்த்து எடுத்துவிட்டு, இழைப் பாய் வைத்துப் புதிதாக ஒட்டு. வெளிப் பெயிண்டைத் தொட வேண்டியதே இல்லை. பிராக்கெட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே தடித்த ரப்பர், பெரிய வாஷர், கை இறுக்கத்துக்கு மேல் கால் சுற்று. அதற்கு மேல் போனால் உடைத்தவன் நீதான். ப்ரீதர் குழாயில் ஒருவழி வால்வு போடு. ஆயிலை ஊற்றாதே.

தேரடித்தம்பி

வாங்கிவிட்டேன். 6,900. இரண்டு தாளில் கணக்கு எழுதிக் காட்டினேன், ஐந்து நிமிடம் பேசாமல் இருந்தார், அப்புறம் சரி என்றார். ஃபேரிங்கைத் தானும் ஓர் ஆட்டோஜம்பிளில் (பழைய வண்டிச் சாமான் சந்தை) தனியாக வாங்கியதுதான் என்று ஒப்புக்கொண்டார், கேட்டிருந்தால் சொல்லியிருப்பாராம்.

ப்ரீதர் வால்வு போட்டு 200 மைல் ஓட்டிவிட்டேன், சிலிண்டர் அடி காய்ந்து கிடக்கிறது. ஃபைபர் ஒட்டு, ரப்பர், வாஷர் எல்லாம் ஐயா சொன்னபடியே. சத்தம் மட்டும் போகவில்லை. 45இல் இருந்தது இப்போது 52க்கு நகர்ந்திருக்கிறது, முழங்காலால் அழுத்தினாலும் நிற்கவில்லை. ஃபேரிங்கில் இன்னும் எங்கே பார்ப்பது?

வில்லிவாக்கம்_பழைய_பட்டறை

ஃபேரிங்கை விடு. பின்னால் உட்காருகிறவரை நம்பர் பிளேட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒருமுறை ஓட்டிப் பார்.

தேரடித்தம்பி

நம்பர் பிளேட்தான்.