இன்னும் 22 நிமிஷம் தான் இருக்கு, ரீஃபண்டா ஃபிக்ஸா? யாராச்சும் சொல்லுங்க

ஸ்டட்டர் சரவணன்

வணக்கம் மக்களே, கொஞ்சம் அவசரம். போன வாரம் வந்த ஒரு ஓப்பன் வேர்ல்டு கேம், பேர போட்டா வழக்கம் போல ரெண்டு கோஷ்டி வந்து அடிச்சுக்கும், அதனால போடல. போனஸ் காசுல 3,999 ரூபா குடுத்து ஸ்டீம்ங்கற ஆன்லைன் கேம் கடைல வாங்கினேன். மொத தடவ ஓப்பன் பண்ணதும் ஷேடர் (கார்டு படம் வரையறதுக்கான குட்டி புரோகிராம்) கம்பைல் ஆகுதுன்னு ஒரு பார் வந்துச்சு பாருங்க, நான் கடைக்கு போய் தோசமாவு வாங்கிட்டு வந்து, அம்மா சுட்டு, நாலு தோச சாப்ட்டு கைய கழுவிட்டு வந்து பாத்தா 71 சதவீதம். மொத்தமா 25 நிமிஷம்.

சரி போனா போகுதுன்னு ஆரம்பிச்சா, ஊருக்குள்ள சந்தை பக்கம் குதிரைய திருப்புனா போதும், படம் அப்படியே நிக்குது, அரை செகண்ட் கழிச்சு குதிரை எங்கயோ செவுத்துல முட்டிட்டு நிக்குது. அது கூட பரவால்ல, மூணு தடவ ஒரு எர்ரரும் இல்லாம நேரா டெஸ்க்டாப்புக்கு வந்துடுச்சு. பப்ளிஷருக்கு புகார் டிக்கெட் போட்டேன். உங்க ஆர்வத்துக்கு நன்றி, எங்க கேம் நல்லா தான் இருக்கு, உங்க ஹார்ட்வேர செக் பண்ணுங்க, டிரைவர் (கார்ட ஓட்டற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணுங்கன்னு பதில்.

இப்ப பிரச்சனை என்னன்னா ஸ்டீம்ல பிளேடைம் 1 மணி 38 நிமிஷம் காட்டுது. 2 மணி நேரம் தாண்டுனா ரீஃபண்ட் கெடைக்காது. ஃபிக்ஸ் ட்ரை பண்ணா நேரம் போகுது, ட்ரை பண்ணலன்னா கேம் போகுது. சிபியு ரைசன் 5 5600, கிராஃபிக்ஸ் கார்டு 4060 8 ஜிபி, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11. என்ன பண்ணட்டும்?

பாஸ் ஃபைட் பாண்டி

மச்சி மொதல்ல டிரைவர் அப்டேட் பண்ணு, அவங்களே சொல்லிட்டாங்கல்ல. டிடியூன்னு டிரைவர அழிக்கற டூல் போட்டு சேஃப் மோடுல பழச சுத்தமா தூக்கிட்டு புதுசு போடு.

யாழ் பிளேயர்

ஐயோ தம்பி, டிரைவரத் தொட வேண்டாம்! டிரைவர மாத்தினா பழைய ஷேடர் கேஷ், அதாவது கம்பைல் பண்ணி சேமிச்சு வச்சது, செல்லாமப் போயிடும், கேம் திருப்பி முதல்ல இருந்து கம்பைல் பண்ணும். உங்களுக்கு அது 25 நிமிசம், மிச்சம் இருக்கிறது 22. மெனு வாறதுக்கு முன்னமே 2 மணித்தியாலம் முடிஞ்சிடும். எனக்கு வேற ஒரு கேம்ல இப்பிடித்தான் நடந்தது, அதான் ஓடி வந்து சொல்லுறன்.

ஸ்டட்டர் சரவணன்

அண்ணே கோடி புண்ணியம். டவுன்லோட் 40 சதவீதம் போயிருந்துச்சு, கேன்சல் பண்ணிட்டேன். கை நடுங்குது.

கேபிள் மணி

பதட்டப்படாத தம்பி. கேம் ஓப்பன்ல இருந்தா தான் ஸ்டீம் கணக்குல நிமிஷம் ஏறும், மூடி இருக்கறப்ப என்ன பண்ணாலும் ஏறாது. அதனால மூடி வெச்சு பண்ற வேலைய எல்லாம் மொதல்ல முடிப்போம், கடைசியா ஒரே ஒரு தடவ ஓப்பன் பண்ணி பாப்போம். ரீஃபண்ட் ரூல்ல இன்னொரு பாதி, வாங்கின நாள்ல இருந்து 14 நாள். போன வாரம்னா அதுல நேரம் இருக்கு.

இப்ப கேள்விக்கு பதில் சொல்லு. கேம் எந்த டிரைவ்ல இருக்கு? எஸ்எஸ்டியா ஹார்ட் டிஸ்க்கா? ஈவென்ட் வியூவர் தொறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதுல அப்ளிகேஷன், கிராஷ் ஆன நேரத்துக்கு செவப்பு குறி இருக்கும், அதுல என்ன எழுதிருக்கு? பிரேம் ஜெனரேஷன், அதான் ரெண்டு படத்துக்கு நடுவுல கார்டே ஒரு படம் போட்டு ரொப்பறது, ஆன்ல இருக்கா? டெக்ஸ்ச்சர் (செவுரு, தரை மேல தெரியற படத்தோட தரம்) என்ன வெச்சிருக்க?

ஸ்டட்டர் சரவணன்

அது வந்து... ஹார்ட் டிஸ்க் அண்ணே. எஸ்எஸ்டி 240 ஜிபி தான், விண்டோஸும் ஆபீஸ் வேலையுமே முக்காவாசி அடைச்சுக்கிச்சு. கேம் 110 ஜிபி.

ஈவென்ட் வியூவர்ல மூணு தடவையும் ஒண்ணே தான், கேமோட எக்ஸ்இ பேரு, ஆக்சஸ் வயலேஷன் (தொடக்கூடாத மெமரிய தொட்டுடுச்சுன்னு அர்த்தமாம்). பிரேம் ஜெனரேஷன் ஆன். நான் போடல, 60 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 60 படம்) வேணும்னா இத ஆன் பண்ணுங்கன்னு பப்ளிஷர் பேஜ்லயே போட்டிருந்தாங்க. டெக்ஸ்ச்சர் அல்ட்ரா.

பாஸ் ஃபைட் பாண்டி

ஹார்ட் டிஸ்க்குல போட்டுட்டு 8 ஜிபி கார்டுல அல்ட்ரா. இதுக்கு பப்ளிஷர திட்டுற. மினிமம் ஸ்பெக்ல எஸ்எஸ்டின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான்டா.

கேபிள் மணி

பாண்டி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு, சரவணா கோச்சுக்காத. சந்தை பக்கம் போனா நிக்கறது ஹார்ட் டிஸ்க்னால இருக்கலாம். புது ஏரியாவ டிஸ்க்ல இருந்து இழுக்குது, டிஸ்க் முக்குது. எஸ்எஸ்டில கூட சில கேம் அப்படி நிக்கும், ஆனா கொறையும்.

ஷேடர் ஸ்டட்டர் (ஷேடரால படம் திக்கறது) வேற. கன்சோல்ல எல்லா வீட்லயும் ஒரே சிப்பு, அதனால ஷேடர கம்பெனியிலயே கம்பைல் பண்ணி டப்பால வெச்சு குடுத்துடுறாங்க. பிசில ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒரு கார்டு ஒரு டிரைவர், அதனால உன் மெஷின்ல தான் செஞ்சாகணும். 60 எஃப்பிஎஸ்னா ஒரு பிரேமுக்கு 16.6 மில்லிசெகண்ட் தான் டைம், நடு ஆட்டத்துல ஒரு ஷேடர் கம்பைல் ஆக 100 மில்லிசெகண்ட் எடுத்துச்சுன்னா ஆறு பிரேம் காலி, கண்ணுக்கு டக்குனு தெரியும். உனக்கு முன்கூட்டியே 25 நிமிஷம் கம்பைல் ஆகிடுச்சு, அதனால இது பெரும்பாலும் டிஸ்க் தான்.

ஆனா பாண்டி, ஹார்ட் டிஸ்க்னா மெதுவா ஓடும், ஆக்சஸ் வயலேஷன் அடிச்சு சாகாது. கிராஷ் தனி கேஸு.

சுடுதண்ணி

சிபியு இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9ஆ இருந்திருந்தா நான் வேற சொல்லிருப்பேன். அதுல வோல்டேஜ் பிரச்சனை இருந்துச்சு, ஷேடர் கம்பைல் ஆகறப்ப தான் மொதல்ல கிராஷ் ஆகும், வீடியோ மெமரி பத்தலன்னு பொய்யா ஒரு எர்ரர் வரும். 2024ல இன்டெல்லே ஒத்துக்கிட்டு மைக்ரோகோட் (சிப்புக்கான திருத்தம்) விட்டு வாரண்டிய ரெண்டு வருஷம் நீட்டுனாங்க. உங்களது ரைசன், அதனால அந்த கதை இல்ல. எக்ஸ்எம்பி (ரேம வேகமா ஓட்டற செட்டிங்) ஆன்ல இருந்தா பயாஸ்ல ஒரு நாளைக்கு ஆஃப் பண்ணி பாருங்க, ரேம் மேல சந்தேகம் போயிடும். இதுக்கும் பிளேடைம் ஏறாது.

டெஸ்டிங்ல இருந்தவன்

நான் முன்னாடி ஒரு கேம் டெஸ்டிங் கம்பெனில ரெண்டு வருஷம் குப்பை கொட்டினேன், அதனால இந்த உங்க ஹார்ட்வேர செக் பண்ணுங்க பதில பாத்தாலே பத்திக்கிட்டு வருது, மன்னிச்சுக்கோங்க கொஞ்சம் நீளமா தான் எழுதுவேன். நீங்க பாத்த கிராஷ யாரும் உள்ள பாக்கலன்னு நெனைக்காதீங்க. நாங்க பாத்திருப்போம், வீடியோ எடுத்திருப்போம், பத்துல எத்தன தடவ வருதுன்னு எழுதி பக் ரிப்போர்ட் போட்டிருப்போம், ரெண்டு நாள் கழிச்சு பாத்தா ஸ்டேட்டஸ் வில் நாட் ஃபிக்ஸ், அதாவது சரி பண்ண மாட்டோம்னு மாறி இருக்கும். ஏன்னா தேதி முடிவாயிடுச்சு, விளம்பரத்துக்கு காசு குடுத்தாச்சு, நிதியாண்டு முடியறதுக்குள்ள விற்பனை கணக்குல வரணும், டிஸ்க் அச்சுக்கு பல வாரம் முன்னாடியே ஒரு பில்ட் (கேமோட அன்னைய வெர்ஷன்) போயிடும், மிச்சத்த மொத நாள் பேட்ச்ல (டவுன்லோடா வர்ற திருத்தம்) பாத்துக்கலாம்னு ஒரு நம்பிக்கை. கன்சோலுக்காவது சர்டிஃபிகேஷன்னு, கன்சோல் கம்பெனியே சோதிச்சு உள்ள விடற ஒரு வாசல் இருக்கு, பிசிக்கு அந்த அளவு கெடுபிடி இல்ல, அதனால அடி மொதல்ல பிசிக்காரன் முதுகுல தான் விழும்.

சைபர்பங்க் 2077 கேம் ஞாபகம் இருக்கா, 2020 டிசம்பர் 10 ரிலீஸ். அதுல அடி வாங்குனது பழைய கன்சோல் வெச்சிருந்தவங்க. ஒரு வாரத்துல சோனி தன் ஸ்டோர்ல இருந்தே தூக்கிட்டாங்க, 2021 ஜூன்ல தான் திரும்ப வந்துச்சு. நடுவுல ஜனவரில அத செஞ்ச கம்பெனியோட இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி வீடியோல வந்து பொறுப்பு என்னோடதுன்னு மன்னிப்பு கேட்டாரு, நல்லது, ஆனா அதுலயே நீங்க பாத்த பிரச்சனைல நிறைய எங்க டெஸ்டிங்ல தெரியலன்னும் ஒரு வரி சொன்னாரு. அந்த வரிய கேட்டுட்டு அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறு எறங்கல. நான் அந்த கம்பெனில வேலை பாத்தவன் இல்ல, இருந்தும் எறங்கல.

யாழ் பிளேயர்

இவர் மன்னிப்பாவது கேட்டார். ஸ்டார்ஃபீல்டு கேமுக்கு 2023ல அதின்ர டைரக்டர் டாட் ஹாவர்டிட்ட பிசிக்கு ஏன் ஆப்டிமைஸ் பண்ணேல்ல எண்டு கேட்க, பண்ணியிருக்கிறம், நீங்கள் பிசிய அப்கிரேட் பண்ண வேண்டி வரலாம் எண்டார். அதே வருசம் ஜெடை சர்வைவர் கேமுக்கு பப்ளிஷர் இஏ சொன்ன காரணம் இன்னும் நல்லம், விண்டோஸ் 11க்கு எண்டு செய்த புது சிப்ப விண்டோஸ் 10ல ஓட்டினா பிரச்சினை வருதாம். அப்ப 11ல ஓட்டினவைக்கு ஏன் நிண்டு நிண்டு வந்தது எண்டு ஆரைக் கேக்கிறது?

சுடுதண்ணி

2025 பார்டர்லாண்ட்ஸ் 4ஐ விட்டுட்டீங்க. அத செஞ்ச கம்பெனியோட தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்ட் எக்ஸ்ல உக்காந்து ஒவ்வொருத்தனுக்கா பதில் போட்டாரு, இது பிரீமியம் ஆட்டக்காரங்களுக்கான பிரீமியம் கேம், பழைய பிசில எதிர்பாக்காதீங்க, புடிக்கலன்னா ரீஃபண்ட் வாங்கிக்கோங்கன்னு. நாம குடுத்தது பிரீமியம் காசு இல்லயா என்ன? கம்பெனி அறிவிப்பு ஒண்ணு வந்துச்சு, கிராஃபிக்ஸ் செட்டிங் எத மாத்துனாலும் ஷேடர் திரும்ப கம்பைல் ஆகும், 15 நிமிஷமாவது விளையாடிட்டு அப்புறம் எப்படி ஓடுதுன்னு பாருங்கன்னு. சரவணன் நெலமைல இருக்கறவன் அத படிச்சா எப்படி இருக்கும்? ஒரு செட்டிங் மாத்தி பாக்க 15 நிமிஷம்னா 2 மணி நேரத்துல எட்டு செட்டிங் பாக்கலாம், விளையாட நேரம் சைபர்.

பாஸ் ஃபைட் பாண்டி

ஆனா பார்டர்லாண்ட்ஸ்லயும் எல்லாத்தையும் மேக்ஸ்ல வெச்சுட்டு கத்துனவங்க இருந்தாங்கல்ல, மீடியம்ல நெறைய பேருக்கு நல்லா தான் ஓடுச்சு. டெவலப்பருங்க நிலமையையும் பாருங்கப்பா, அவங்க கார்டு ஒவ்வொண்ணா வாங்கி டெஸ்ட் பண்ண முடியுமா.

டெஸ்டிங்ல இருந்தவன்

டெவலப்பர நான் ஒரு வார்த்த சொல்லல பாண்டி, தேதிய குறிச்சவன சொல்றேன். ஒவ்வொரு கார்டா டெஸ்ட் பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும். முடியலன்னு தெரியுதுல்ல, அப்ப கஸ்டமர் டிக்கெட் போட்டா எங்க கேம் நல்லா தான் இருக்குன்னு எத வெச்சு அடிச்சு சொல்றான்? கிராஷ் லாக் அனுப்புங்கன்னு ஒரு வரி கேக்கலாம்ல. சரவணன்கிட்ட கேட்டாங்களா?

ஸ்டட்டர் சரவணன்

கேக்கல அண்ணே. லாக் இணைச்சே அனுப்பினேன், அத தொறந்து பாத்த மாதிரி தெரியல.

கேபிள் மணி

எனக்கு தெரிஞ்சு ஒழுங்கா பண்ணது 2015ல பேட்மேன் ஆர்க்கம் நைட். ஜூன் 23 ரிலீஸ், பிசி வெர்ஷன் 30 எஃப்பிஎஸ்ல பூட்டி வெச்சிருந்துச்சு, அதுவும் ஒழுங்கா ஓடல. ஒண்ணு ரெண்டு நாள்லயே வார்னர் பிரதர்ஸ் பிசி விற்பனைய நிறுத்திட்டாங்க, அக்டோபர் கடைசில தான் திரும்ப வித்தாங்க, அப்பவும் முழுசா சரியாகலன்னு வருஷக் கடைசி வரைக்கும் எத்தன மணி நேரம் ஆடியிருந்தாலும் ரீஃபண்ட்னு சொன்னாங்க. ஸ்டீம்ல இந்த ரீஃபண்ட் வசதி வந்ததே அதே ஜூன் மாசம் தான், அது மட்டும் இல்லன்னா இவ்ளோ வேகமா கல்லாவ மூடியிருப்பாங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சரி கதை போதும். சரவணா, இப்ப இத மட்டும் பண்ணு. எஸ்எஸ்டில எடம் பண்ணு, ஆபீஸ் ஃபைல ஹார்ட் டிஸ்க்குக்கு தள்ளு. ஸ்டீம்ல கேம் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அங்கயே மூவ் இருக்கு, எஸ்எஸ்டிக்கு மாத்து. முடிஞ்சதும் அதே எடத்துல வெரிஃபை, ஃபைல் எல்லாம் சரியா இருக்கான்னு பாக்கும். டிஸ்கார்ட் ஓவர்லேவ (கேம் மேல மெதக்கற சாட் பெட்டி) ஆஃப் பண்ணு. எக்ஸ்எம்பிய இப்ப தொடாத, ஒரே நேரத்துல எல்லாத்தையும் மாத்துனா எது காரணம்னு தெரியாம போயிடும். அப்புறம் தொறந்து பிரேம் ஜெனரேஷன் ஆஃப், டெக்ஸ்ச்சர் மீடியம், நேரா சந்தைக்கு போ. ஃபோன்ல 15 நிமிஷத்துக்கு அலாரம் வெச்சுக்கோ. அடிச்சா என்ன சீன் ஓடுனாலும் மூடிடு.

ஸ்டட்டர் சரவணன்

செஞ்சுட்டு வரேன். மூவ் ஆக 50 நிமிஷம் காட்டுது. நடுவுல கரண்ட் போகாம இருக்கணும் முருகா.

ஸ்டட்டர் சரவணன்

வந்துட்டேன். கரண்ட் போகல. சந்தைல குதிரைய நாலு ரவுண்டு விட்டேன், நின்னு நின்னு போனது முக்காவாசி கொறஞ்சுடுச்சு, அதுக்கு நான் தான் காரணம், பாண்டி அண்ணே ஒத்துக்கறேன். கிராஷ் இல்ல. 11 நிமிஷம் ஆனதும் ஒரு யோசனை வந்துச்சு, மணி அண்ணே திட்டாதீங்க, பிரேம் ஜெனரேஷன மட்டும் திரும்ப ஆன் பண்ணி பாத்தேன். ரெண்டாவது நிமிஷம் டெஸ்க்டாப். அதே ஆக்சஸ் வயலேஷன்.

அதாவது அவங்க ஆன் பண்ண சொன்னது தான் அடிக்குது, எஸ்எஸ்டில இருந்தாலும் அடிக்குது. அத ஆஃப் பண்ணா 41, 42 எஃப்பிஎஸ். பிளேடைம் 1 மணி 52.

யாழ் பிளேயர்

தம்பி இப்ப ரீஃபண்ட் போடுங்கோ, யோசிக்க வேண்டாம். காரணத்தில கிராஷ் எண்டு எழுதுங்கோ. காசு போன வழியால திருப்பி அனுப்ப ஏலாட்டி ஸ்டீம் வாலட்டில போடுவாங்கள், அதையும் பாத்துக்கொள்ளுங்கோ. ஆறு மாசத்தில பேட்ச் எல்லாம் வந்த பிறகு சேல்ல எடுக்கலாம்.

பாஸ் ஃபைட் பாண்டி

நானா இருந்தா வெச்சுக்குவேன், 41ல ஆடறவங்க எத்தனயோ பேர். ஆனா உன் காசு.

ஸ்டட்டர் சரவணன்

போட்டுட்டேன்.

ஸ்டட்டர் சரவணன்

நாலு நாள் கழிச்சு வரேன், திட்டாதீங்க. காசு வாலட்ல வந்துடுச்சு, 3,999 முழுசா. நேத்து பேட்ச் வந்திருக்கு, குறிப்புல பன்னண்டாவது வரி, பிரேம் ஜெனரேஷன் ஆன்ல இருக்கறப்ப சில கார்டுகள்ல வர்ற கிராஷ் சரி செய்யப்பட்டதுன்னு. பாண்டி அண்ணே இப்ப எப்படி ஓடுதுன்னு உங்ககிட்ட இருந்தா பாத்து சொல்லுங்க.

என் டிக்கெட்டயும் காலைல மூடிட்டாங்க. ஹார்ட்வேர் பிரச்சனைன்னு குறிச்சு மூடிருக்காங்க. கீழ அஞ்சு ஸ்டார் போட்டு, எங்க உதவி எப்படி இருந்துச்சுன்னு கேட்டிருக்காங்க.

டெஸ்டிங்ல இருந்தவன்

பன்னண்டாவது வரியா. அந்த பக் ரிப்போர்ட்ட எழுதுனவன் எவனோ இன்னிக்கு ஒரு டீயாச்சும் நிம்மதியா குடிச்சிருப்பான்.