நுண்மொசைக் நகைகள்: பார்த்தவர்கள், வாங்கியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். நுண்மொசைக் என்றால் பொடிப்பொடியான கண்ணாடிச் சில்லுகளை நெருக்கமாகப் பதித்து உருவாக்கும் படம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கில்பர்ட் சேகரிப்பு என்று ஒரு பகுதி உண்டு. தங்கப் பெட்டிகளைப் பார்க்கத்தான் போனேன். மூக்குப்பொடி டப்பா ஒன்றின் மூடியில் ரோம் நகரக் காட்சி. எனாமல் ஓவியம் என்று நினைத்துத் தாண்டிப் போகப் பார்த்தேன். எதற்கோ கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பிடித்தால், வானம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு! நல்ல வேலைப்பாட்டில் ஒரு சதுர அங்குலத்தில் 3,000 முதல் 5,000 சில்லு வரை இருக்குமாம்.

இந்தக் கலை பிறந்ததற்கு ஈரம் ஒரு காரணம். ரோமில் புனித பேதுரு பேராலயத்தின் பீட ஓவியங்கள் ஈரக்காற்றில் கெட்டுப்போக, அவற்றை மொசைக்கில் நகலெடுத்தார்கள். 1727-இல் வத்திக்கானுக்கென்றே தனி மொசைக் பட்டறை அமைந்தது. ஓவியம் போலவே தெரிய வேண்டுமென்றால் பளபளக்காத கண்ணாடி வேண்டும், ஆயிரக்கணக்கில் நிறச்சாயல் வேண்டும். இரண்டையும் அங்கே உருவாக்கினார்கள். பெரிய பீட வேலைகள் குறைந்தபோது கைவினைஞர்கள் சின்னப் பொருள்கள் பக்கம் திரும்பினார்கள். 1775-இல் ஜாக்கோமோ ரஃபாயெல்லி என்ற மொசைக் கலைஞர் தன் பட்டறையில் இந்த நுண்வேலைகளைக் காட்சிக்கு வைத்தார். ஊர் சுற்ற வந்த ஆங்கிலேயப் பிரபுக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். கொலோசியம், ஸ்பானியல் நாய், கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்த புறாக்கள் என்று எல்லாமே ப்ரோச்சாகவும் (உடையில் குத்தும் நகை) வளையலாகவும் மாறின. அந்தப் புறாக்கள் 1737-இல் திவோலியில், ரோமப் பேரரசர் ஹேட்ரியனின் மாளிகையில் கிடைத்த பழைய மொசைக்கின் நகல்.

வாங்கியது என்றால், என்னிடம் இருப்பது இணையத்தில் எடுத்த பூப்போட்ட ப்ரோச் ஒன்றுதான். பின்னால் ‘இத்தாலி’ முத்திரை, பித்தளைச் சட்டம், வெறுங்கண்ணுக்கே தெரியும் சில்லுகள். சுற்றுலாப் பயணிகளுக்காக இருபதாம் நூற்றாண்டில் செய்த சரக்கு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஓவியமாக நடிக்காமல் மொசைக்காகவே இருக்கிறது.

*

மேலே சொன்ன கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. ரோமில் ஒரு சின்னப் பட்டறையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கண்ணாடிக் கட்டியைச் சுடரில் காட்டி இளக்கி, இடுக்கியால் இழுக்கிறார்கள். சேமியா மாதிரி நீளமான இழை வருகிறது. ஆறியதும் அரத்தால் கீறி, டக்கென்று ஒடிக்கிறார்கள். சில்லுகளை நடுவதற்குச் செம்புத் தட்டில் சுண்ணாம்பும் ஆளிவிதை எண்ணெயும் சேர்ந்த பட்டி, அதாவது பசை. அது மெதுவாகத்தான் இறுகும், அதனால் பிடிக்காத சில்லைப் பிடுங்கி மறுபடி நடலாம். எல்லாம் இறுகியபின் இடுக்குகளில் நிற மெழுகை அடைத்து மெருகேற்றுவார்கள்.

நான் பார்த்தபோது ஒரு நாயின் காதுதான் நடந்துகொண்டிருந்தது. மயிர் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே சில்லுகளின் வரிசையும் வளைந்தது. தூரிகையால் வரைபவர் யோசிக்கவே தேவையில்லாத கணக்கு இது. ஆக, நேர்த்தியான வேலையும் மொசைக்காகத்தான் இருக்கிறது, பார்க்கிறவர் கொஞ்சம் கிட்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

வாங்க நினைப்பவர்கள் கஸ்தெல்லானி குடும்பத்தின் நகைப் படங்களையும் தேடிப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கத்தையும் மொசைக்கையும் சேர்த்துப் பழங்கால பாணியில் செய்தவர்கள். விலை நமக்கெல்லாம் எட்டாது.

*

உங்கள் சண்டைக்கு நடுவே ஒரு எச்சரிக்கை. அத்தையிடமிருந்து வந்த புறா லாக்கெட்டை மெருகேற்றக் கொடுத்தேன். கடைக்காரர் மற்ற நகைகளோடு சேர்த்து அல்ட்ராசோனிக் தொட்டியில் (ஒலியதிர்வால் நகை கழுவும் தொட்டி) போட்டுவிட்டார். மெழுகு கரைந்து, ஒரு இறக்கையே உதிர்ந்து தொட்டியின் அடியில் கிடந்தது. தண்ணீர், சோப்பு, வெந்நீர் எதுவும் கூடாது. காய்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். சில்லு உதிர்ந்தால் ஒன்றுவிடாமல் எடுத்து டப்பாவில் போட்டு வையுங்கள். அதே நிறம் மறுபடி கிடைப்பது குதிரைக்கொம்பு. என்னுடையதைச் சரிசெய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.