பழைய பிளேக் பதிவை வரைபடத்தில் ஏற்றினால் சேலம் முழுக்கச் சிவப்பு, ராயபுரம் காலி: ஏன்?

காசிமேட்டான்:
சென்னை மாகாண ஆண்டு சுகாதார அறிக்கைகளில் 1898 தொடங்கி வரும் பிளேக் சாவு எண்ணிக்கையை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றிக்கிட்டிருக்கேன். நோய் எங்கே தங்கியது என்று பார்க்கணும். சேலம் மாவட்டம் மொத்தமும் சிவந்து கிடக்கு. துறைமுகம், தானியக் கிடங்கு எல்லாம் இருக்கிற நம்ம ராயபுரம் பக்கமோ கிட்டத்தட்ட வெறுமை. பதிவு தொலைஞ்சிருக்குமா?

பழைய_எல்லை:
இன்றைய எல்லையில் ஒட்டியிருப்பீங்க. அன்றைய சேலத்துக்குள்ளதான் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாம். தர்மபுரி பிரிந்தது 1965, கிருஷ்ணகிரி 2004. இன்று கர்நாடகத்தில் இருக்கிற கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டம். அந்தந்தக் காலத்து எல்லைக்குத் தனித்தனி லேயர் போடுங்க. மாவட்ட எண்ணிக்கையை மக்கள்தொகைப்படி தாலுகாக்களுக்குப் பங்கு போடாதீங்க, நோய் எட்டிப் பார்க்காத ஊருக்கும் சாவு கிடைச்சிடும். தாலுகா பெயருக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பொது சுகாதார அரசாணைக் கோப்புகளைப் புரட்டணும்.

முக்கியமானது: மொத்தச் சாவுக்கு நிறம் கொடுக்காதீங்க. ஒரே வருஷத்தில் 40 பேர் செத்த தாலுகாவும், 20 வருஷம் இரண்டிரண்டு பேராகச் செத்த தாலுகாவும் ஒரே நிறத்தில் விழும். நோய் தங்கியிருக்க வாய்ப்புள்ளது இரண்டாவதில். சாவு பதிவான ஆண்டுகள் எத்தனை, நடுவில் விழுந்த நீண்ட இடைவெளி எவ்வளவு என்று அட்டவணையில் இரண்டு பத்தி போடுங்க. மாதக் கணக்கு கிடைத்தால் ஏப்ரல், மே தனியா. எலியிலிருந்து நோயைக் கடத்துற தெள்ளுப்பூச்சி வெயிலில் குறையும், நோயும் அடங்கும். அப்பவும் ஒன்றிரண்டு பேர் செத்தால் கவனிக்கணும். அறிக்கை கிடைக்காத ஆண்டுக்கு 0 போடாதீங்க, காலியா விடுங்க. ஊரில் சாவைப் பதிந்த கிராம முன்சீப் பல சாவை 'காய்ச்சல்' என்றே எழுதியிருப்பார், அந்தப் பத்தி திடீரென ஏறுதா என்றும் பாருங்க.

தெள்ளுப்பூச்சி:
ராயபுரத்துப் பதிவு தொலையல. வெளியூரிலிருந்து நோயோடு வந்தவர்கள் உண்டு, நகரத்தில் பெரிசா பரவல, அவ்வளவுதான். பிளேக்கை நன்றாகக் கடத்துவது கியோப்பிஸ் வகைத் தெள்ளுப்பூச்சி. மெட்ராஸ் எலியில் அதிகம் இருந்ததோ ஆஸ்டியா என்ற இன்னொரு வகை, அது மட்டமான கடத்தி. கொழும்பில் பிளேக்கை ஆராய்ந்த ஹர்ஸ்ட் கவனித்ததும் இதைத்தான். அதனால 'வெளியிலிருந்து வந்தவர்' என்று எழுதியிருந்தால் அதை உள்ளூர்க் கணக்கோடு கலக்காதீங்க.

காசிமேட்டான்:
ஓசூர் சிவப்பு அப்போ உண்மைதானா?

தெள்ளுப்பூச்சி:
இருக்கலாம். ஆனா ஓசூரை ஒட்டிய மைசூர் அப்போ தனி சமஸ்தானம், அதிலிருந்த கோலார் கணக்கு மாகாண அறிக்கையில் வராது. உங்க சிவப்பு எல்லைக்கோட்டில் சட்டுனு நின்னுடும், நோய் அப்படி நிக்காது. மைசூர் அறிக்கையையும் சேர்த்து வரைங்க. சாவுக் கணக்கு மனுஷனைத்தான் காட்டும்; காட்டில் நோயைத் தாங்குவது வெள்ளெலி என்கிற வளை எலி (ஜெர்பில்). வளை எங்கேன்னு களத்தில்தான் பார்க்கணும்.