காஸ்டிக்கில் ஊறவைத்த உமித்தூள் பாலிப்ரொப்பிலீனோடு ஒட்ட மறுக்கிறது

கலவைப்பித்தன்:
வணக்கம். உமியை அரைத்து, 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்து, கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, எடையில் 30 சதவீதம் வருமாறு பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் கலந்தேன். தகடு விறைப்பாகத்தான் வந்தது. ஆனால் உள்ளே குமிழ்கள், வளைத்தால் படக்கென்று உடைகிறது, உடைந்த இடத்தில் தூள் பிளாஸ்டிக்கை விட்டுத் தனியாக உருவிக்கொண்டு நிற்கிறது. காஸ்டிக்கைக் கூட்டிப் பார்க்கவா? இதையே இயற்கை ரப்பரில், அதை வலுவாக்கச் சேர்க்கும் நுண்கரித்தூளான கார்பன் பிளாக்குக்குப் பதிலாகப் போடலாமா?

அச்சுக்கூடம்:
கூட்டாதீர்கள். காஸ்டிக், உமியில் இருக்கும் மெழுகையும், நாரைப் பிணைத்து வைக்கும் ஹெமிசெல்லுலோஸையும், லிக்னினில் ஒரு பகுதியையும் கரைத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும், அவ்வளவுதான். அளவு மீறினால் நாரின் உடலான செல்லுலோஸே நைந்துபோகும். செல்லுலோஸ் தண்ணீரை விரும்பும், பாலிப்ரொப்பிலீனுக்குத் தண்ணீரே ஆகாது, இரண்டுக்கும் நடுவில் ஓர் இணைப்பான் வேண்டும். மேலிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளைச் சங்கிலியில் ஏற்றிய பாலிப்ரொப்பிலீனை 3 முதல் 5 சதவீதம் சேருங்கள். அதன் அன்ஹைட்ரைடு, தூளில் இருக்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதியோடு பிணையும், நீண்ட சங்கிலி பிளாஸ்டிக்கோடு பின்னிக்கொள்ளும்.

ஈரமானி:
குமிழுக்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். வெயில் போதாது. அடுப்பில் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி, ஆறியதும் காற்றுப்புகாமல் மூடி, உடனே கலந்துவிடுங்கள், திறந்து வைத்தால் மறுபடி ஈரம் குடித்துவிடும். கலக்கும் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டவே கூடாது. தாண்டினால் தூள் கருகி அதுவும் வாயு விடும்.

ரப்பர் ஆலை:
ரப்பர் கேள்விக்கு என் பதில்: முழுதாக மாற்ற முடியாது. கார்பன் பிளாக்கின் அடிப்படைத் துகள் நானோமீட்டர் அளவு, நீங்கள் அரைத்த தூள் மைக்ரான் அளவு. கடினத்தன்மை ஏறும், ஆனால் இழுவிசை வலிமையும் நீட்சியும் இறங்கும். அதிக பளு தாங்காத பாய், கால்மிதி போன்றவற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கலாம். உமிச்சாம்பல் வேறு கதை, நன்றாக எரித்தால் பெரும்பகுதி சிலிக்காதான். அப்புறம் ஒரு தொல்லை, அந்த சிலிக்கா, ரப்பர் வேகுவதை விரைவுபடுத்தும் ஆக்சலரேட்டரை உறிஞ்சிக்கொள்வதால் வல்கனைசேஷன் (கந்தகத்தோடு ரப்பரை வேகவைத்து இறுகச் செய்வது) தாமதமாகும். சிலேன் என்ற இணைப்பானோ டைஎத்திலீன் கிளைக்கால் என்ற திரவமோ சேர்த்தால் அந்தத் தொல்லை குறையும்.

கலவைப்பித்தன்:
மிக்க நன்றி. கடைசியாகக் கழுவிய தண்ணீர் கையில் வழவழவென்று இருந்தது, அது பிரச்சினையா?

அச்சுக்கூடம்:
ஆமாம், காரம் மிச்சமிருக்கிறது. அது அன்ஹைட்ரைடைத் தின்றுவிடும். தண்ணீர் நடுநிலைக்கு வரும் வரை கழுவுங்கள், கடைசி அலசலில் சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால் சீக்கிரம் முடியும்.