பெகு தாண்டி பழைய ரோட்டில் சமீபத்தில் போனவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே. மார்கழியில் அம்மாவை ரங்கூனிலிருந்து காரில் மோயுன்ஜி ஏரிக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். எக்ஸ்பிரஸ் சாலை வேண்டாம். பெகு, பயாஜி, பின்பொன்ஜி வழியாக மாண்டலே போகும் பழைய நெடுஞ்சாலைதான். தாத்தா அந்தப் பக்கம் வயல்வேலை பார்த்தவர். அந்த நெல்வயல்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமாம் அம்மாவுக்கு.

எனக்குப் பயமே ரோட்டில்தான். 1970இல் வண்டிகளை வலப்பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள். என் காரில் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். முன்னால் லாரி போனால் எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கோ கண்புரை!

பயாஜிக்கு அப்புறம் குழிகள் எப்படி? அறுவடை டிராக்டர் வந்தால் ஓரத்தில் இறங்கலாமா, சேறா? இருட்டுவதற்குள் திரும்பிவிட முடியுமா?

ஏரி, 1878இல் பெகு–சித்தாங் கால்வாய்க்குத் தண்ணீர் தரக் கட்டிய நீர்த்தேக்கம். 2004இல் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்கும். இப்போது படகு விடுகிறார்களா? வழியில் நம்மவர் சாப்பாட்டுக்கடை இருந்தால் அதையும் சொல்லுங்கள், அம்மா வெளியில் இட்லி தவிர எதையும் தொடமாட்டார்.