1,10,000 ரூபாய்க்குள் கேமிங் லேப்டாப்: இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

மாலைநேர ஆட்டக்காரன் (முருகேஷ்பாளையா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தைச் சேர்ந்தவன். இரண்டு ஆண்டுகளாகப் பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டு, முருகேஷ்பாளையாவில் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தங்கியிருக்கிறேன். கல்லூரிக் காலம் முழுவதும் நண்பர்களின் கணினியில்தான் விளையாடினேன். இப்போது முதன்முறையாக என் சொந்தச் சேமிப்பில் ஒரு கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறேன். தவணையில் வாங்க எனக்கு விருப்பமில்லை என்பதால் 1,10,000 ரூபாய்க்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போக முடியாது. சைபர்பங்க் 2077, பால்டர்ஸ் கேட் 3 போன்ற பெரிய விளையாட்டுகளை நிதானமாக ஆட வேண்டும். வார இறுதியில் ஊர் நண்பர்களுடன் வேலரன்ட். மாதம் ஒருமுறை ரயிலில் சேலத்துக்கும் எடுத்துச் செல்வேன்.

சென்ற சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மூன்றைக் குறித்துக்கொண்டு வந்தேன். முதலாவது மெலிதானது, 1.8 கிலோ, ஐ7-13620எச் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 2560×1600 திரை, விலை 1,09,000. இரண்டாவது தடித்தது, 2.4 கிலோ, ஐ5-13450எச்எக்ஸ், அதே ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ராம், 1920×1080 திரை, விலை 98,000. மூன்றாவதில் ரைசன் 7 7435எச்எஸ், ஆர்டிஎக்ஸ் 4050, விலை 79,000.

கடைக்காரர் தமிழர், பொறுமையாகத்தான் பேசினார். "ஐ7-ஐ விட்டுட்டு ஐ5 எடுத்தீங்கன்னா ரெண்டே வருஷத்துல வருத்தப்படுவீங்க தம்பி" என்றார். முதல் இரண்டிலும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றே என்னும்போது, பிராசஸரும் திரையும் உயர்வாக இருக்கும் முதலாவதை எடுப்பதுதானே சரி? நான் கவனிக்கத் தவறியது ஏதேனும் உண்டா?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

தம்பி, முக்கியமான ஒன்றைக் கவனிக்கத் தவறியிருக்கிறீர்கள். முதல் இரண்டிலும் இருப்பது ஒரே கிராஃபிக்ஸ் கார்டு அல்ல. ஒரே பெயர், அவ்வளவுதான். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ள, அந்தச் சிப்பின் நிறுவனமான நிவிடியா லேப்டாப் தயாரிப்பாளர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மெலிந்த உடம்புக்குள் வெப்பத்தை வெளியேற்ற வழி குறைவு என்பதால் அங்கே அந்த அளவைக் குறைத்து வைக்கிறார்கள். மின்சாரம் குறைந்தால் சிப்பின் வேகம் குறையும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டும் குறையாது. மிகக் குறைந்த வாட்டில் கட்டிப்போடப்பட்ட 4060-ஐ முழு வாட்டில் ஓடும் 4050 எட்டிப் பிடித்துவிடும். நானே இதற்குப் பலியானவன். 2022-இல் எடை குறைவாக இருக்கிறதே என்று ஒரு மெலிந்த லேப்டாப்பை எடுத்தேன். அதே பெயர் கொண்ட கார்டு வைத்திருந்த அலுவலக நண்பரின் தடித்த லேப்டாப்பில் வழுக்கிக்கொண்டு ஓடிய காட்சி, என்னுடையதில் திக்கித் திணறி ஓடியதைப் பார்த்த பிறகுதான் வாட் என்ற சொல்லையே தேடிப் படித்தேன்.

ஆகவே, நீங்கள் மறுபடியும் கடைக்குப் போய், காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். நிவிடியா கண்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பகுதிக்குள் போனால், 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியில் அந்தக் குறிப்பிட்ட லேப்டாப்புக்கான வாட் அளவு இருக்கும். பார்க்க இரண்டு நிமிடம் போதும். விற்பனையாளர் காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள். அதே சமயம், தேவைப்படும்போது பிராசஸரின் பங்கிலிருந்து 25 வாட் வரை கடன் வாங்கும் 'டைனமிக் பூஸ்ட்'டையும் 115-உடன் சேர்த்து 140 வாட் என்று பெரிதாக விளம்பரம் செய்யும் 4060-க்காகத் தனியே பணம் கொட்டவும் வேண்டாம். இந்தச் சிப் 100 வாட்டைத் தாண்டிய பிறகு கூடுதலாகத் தரும் வேகம் மிகச் சொற்பம்.

அடுத்து ஐ7, ஐ5 விவகாரம். 13620எச், 13450எச்எக்ஸ் இரண்டிலும் 6 வேகக் கோர்களும் 4 சிக்கனக் கோர்களுமாக மொத்தம் 10 கோர்களே (கணக்குப் போடும் மையங்கள்) இருக்கின்றன; ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசைகளான த்ரெட்களும் இரண்டிலும் 16 தான். உச்ச வேகத்தில் ஐ7-க்கு 4.9, ஐ5-க்கு 4.6 கிகாஹெர்ட்ஸ் என்ற சிறு வேறுபாடு காகிதத்தில் உண்டு. ஆனால் 4060 வகைக் கார்டுடன் பெரிய விளையாட்டை ஆடும்போது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்தான் முதலில் மூச்சுவாங்கும்; பிராசஸர் காத்துக்கொண்டுதான் இருக்கும். கடைக்காரர் உங்களை ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஐ7 என்றால் உயர்வு என்பது ஊரெல்லாம் ஊறிப்போன எண்ணம். அந்த எண்ணத்துக்காக நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றே சொல்கிறேன்.

மூன்றாவதைப் பற்றி இரண்டே செய்தி. விராம், அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம், 4050-இல் 6 ஜிபி, 4060-இல் 8 ஜிபி. விளையாட்டின் டெக்ஸ்ச்சர்கள் (பொருட்களின் மேல் போர்த்தும் படங்கள்) விராமில் அடங்காதபோது மிச்சம் சாதாரண ராமுக்கு வழிந்துபோகும். அங்கிருந்து திரும்ப எடுத்துவர ஆகும் நேரமே ஆட்டத்தின் நடுவே வரும் திடீர் வெட்டாகத் தெரிகிறது. நீங்கள் சொன்ன இரண்டு பெரிய விளையாட்டுகளுக்கும் 6 ஜிபியை வைத்துக்கொண்டு டெக்ஸ்ச்சரைக் குறைத்துத்தான் ஆட வேண்டியிருக்கும். இன்னொன்று, 7435எச்எஸ் பிராசஸரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. அதனால் வெறும் மின்னஞ்சல் பார்க்கும்போதும் நிவிடியா சிப் விழித்துக்கொண்டே இருக்கும். சேலம் ரயிலில் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும். விலையைப் பார்த்தால் அது மோசமான பொருள் அல்ல; உங்கள் தேவைக்குப் பொருந்தவில்லை.

பழுதுப்பெட்டி எழுதியது:

லேப்டாப் பழுதுபார்ப்பதே என் தொழில். 11 ஆண்டுகளாக இதே சிட்டி மார்க்கெட் வட்டாரத்தில்தான் இருக்கிறேன். மேலே நண்பர் வாட் பற்றி எழுதியது முற்றிலும் சரி. அந்த வாட் எத்தனை மாதம் நிலைக்கும் என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

பிஜியில் தங்கியிருப்பதாகச் சொல்கிறீர்கள். அறையில் மேசை இருக்கிறதா? என்னிடம் சூடு பிரச்சினை என்று வரும் கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலானவை மெத்தை மேல் ஓடியவை. காற்று கீழிருந்துதான் உள்ளே போகும். போர்வை அந்த வழியை அடைத்துவிடும், அதோடு தன் பஞ்சையும் உள்ளே அனுப்பும். அடிமூடியைக் கழற்றினால் விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை நிற்கும். விரல் நகத்தால் தூக்கினால் துண்டு துண்டாக அல்ல, கம்பளித் துணி போல ஒரே துண்டாக வரும். அது நிற்கும்வரை விசிறி எவ்வளவு கத்தினாலும் காற்று வெளியே போகாது. நீங்கள் பார்க்கும் அந்த இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரியைத் தொட்டதும் தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாடுபவருக்கு அது "லேப்டாப் பழசாகிவிட்டது" என்று தோன்றும். இந்த நகரத்தில் எங்கு பார்த்தாலும் கட்டட வேலை, அந்தத் தூசியும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூர் இரவுக் குளிரில் சமாளித்துக்கொள்ளும் லேப்டாப்பைச் சேலத்து மே மாதத்தில் ஓட்டும்போது என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். தடித்த உடம்பும் இரண்டு பெரிய விசிறிகளும் கொண்டதையே எடுங்கள். 600 கிராம் கூடுதல் எடை முதுகுக்குப் பழகிவிடும்.

இன்னொன்றையும் கடையிலேயே பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே 'சோடிம்' என்றிருந்தால் ராமைக் கழற்றி மாற்றலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ராம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது. வாங்கிய நாளில் இருப்பதுதான் கடைசிவரை. மெலிந்த லேப்டாப்களில் பலவற்றில் இப்படித்தான். சென்ற மாதம்கூட ஒரு கல்லூரி மாணவி 8 ஜிபி பற்றவைத்த லேப்டாப்பைக் கொண்டுவந்து 16 ஆக்கித் தரச் சொன்னார். முடியாது என்று அவரிடம் சொல்வதற்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டில் கடன் வாங்கி எடுத்த பொருள் அது.

மாற்ற முடியாத உறுப்புகளில், அதாவது கிராஃபிக்ஸ், குளிரூட்டும் அமைப்பு, திரை ஆகியவற்றில் பணத்தைப் போடுங்கள். ராமையும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீலத்திரை எழுதியது:

பழுதுப்பெட்டி அண்ணன் சொன்ன கடைசி வரியில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. இத்தனை காலம் அது நல்ல அறிவுரைதான். ஆனால் 2025-இன் இறுதியிலிருந்து ராம் விலையும் எஸ்எஸ்டி விலையும் ஏறியிருக்கின்றன. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்கள் பெருமளவில் போய்விடுவதுதான் காரணம். எனவே "பிறகு மலிவாகப் போட்டுக்கொள்ளலாம்" என்று கணக்குப் போடும் முன் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு விருப்பங்களுக்கு இடையே வித்தியாசம் சிறிதாக இருந்தால், இரண்டு ஸ்டிக் (கழற்றி மாட்டும் ராம் பலகை) ஏற்கெனவே போட்டு வருவதையே எடுத்துவிடலாம்.

16 ஜிபி என்பது ஒரே ஸ்டிக்கா, இரண்டு எட்டா என்பதும் முக்கியம். டிடிஆர்5 வகை ராமில் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே இரண்டு சேனல் (தரவு போகும் பாதை) இருக்கிறது என்று சில கடைகளில் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அவை ஒவ்வொன்றின் அகலமும் 32 பிட். சேர்த்தாலும் 64 பிட்தான். இரண்டாவது ஸ்டிக் போட்டால்தான் 128 பிட் கிடைக்கும். வேலரன்ட் போலப் பிராசஸரை நம்பி ஓடும் விளையாட்டில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

திரையைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். 2560×1600 என்பது ஏறத்தாழ 41 லட்சம் பிக்சல். 1920×1080 என்பது 21 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. முதலாவது லேப்டாப்பில், குறைந்த வாட் கார்டின் தலையில் இரட்டிப்புச் சுமையை ஏற்றியிருக்கிறார்கள். 4060-க்கு 1080 திரையே இயல்பான துணை. ஆனால் 1080 திரைகளில் ஒரு பொறி உண்டு: விவரப் பட்டியலில், திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதைச் சொல்லும் இடத்தில், '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்றிருந்தால் நிறங்கள் வெளுத்துத் தெரியும், '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்றிருக்க வேண்டும். ஒரே மாடலே இரண்டு திரைகளுடனும் விற்பனைக்கு வருவதுண்டு. அந்த இரண்டையும் அருகருகே வைத்து ஒரு செக்கச்சிவந்த செம்பருத்திப் படத்தைத் திறந்து பாருங்கள். வெளுத்த திரையில் அது செங்கல் நிறமாகத் தெரியும். மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது இருந்தால் நிவிடியா சிப் வரையும் காட்சி, பிராசஸரின் உள்ளமைந்த கிராஃபிக்ஸைச் சுற்றிக்கொண்டு வராமல் நேராகத் திரைக்குப் போகும்.

மாலைநேர ஆட்டக்காரன் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அலுவலகத்திலிருந்து நேராக எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். முதலாவது லேப்டாப்பில் வாட் அளவைப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது: 60. ராமும் 'ரோ ஆஃப் சிப்ஸ்'. இரண்டாவதில் 140 வாட், 'சோடிம்', இரண்டு இடங்களில் ஒன்றில் மட்டும் ஸ்டிக். மக்ஸ் ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் திரை, நீலத்திரை சொன்ன அந்த வெளுத்த வகை. அதே மாடல் 100 சதவீத எஸ்ஆர்ஜிபி திரையுடன் 1,04,000 ரூபாய்க்கு வருகிறது, இரண்டு நாளில் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். கடைக்காரரே குனிந்து 60 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இனி தானும் இதைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். மிச்சம் 6,000 ரூபாயை இரண்டாவது ஸ்டிக்குக்குப் போடவா, வைத்திருக்கவா? அறையில் மேசை இல்லை, கட்டில் மட்டுமே.

பழுதுப்பெட்டி எழுதியது:

திரைக்குக் கூடுதலாக 6,000 கொடுத்து 1,04,000 மாடலையே எடுங்கள். அது மாற்ற முடியாத பொருள். மிச்சத்தில் முதலில் ஒரு மேசை வாங்குங்கள், மடக்கு மேசையாக இருந்தாலும் போதும். ஸ்டிக் விஷயத்தில் நீலத்திரை சொன்னதை ஏற்கிறேன். இன்றைய விலையில் அவசரப்பட வேண்டாம். 16 ஜிபி ஒரே ஸ்டிக்கில் பால்டர்ஸ் கேட் 3 தடையில்லாமல் ஓடும். வேலரன்டில் குறை தெரிந்தால் அப்போது, ஏற்கெனவே உள்ள ஸ்டிக்கின் அதே அளவும் அதே வேகமும் உள்ளதைப் போடுங்கள். அடிமூடியைத் திறந்தால் வாரன்டி போகுமா என்பதை வாங்கும் அன்றே தயாரிப்பாளரின் சேவை மையத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் பெறுங்கள்.

பில்லில் சீரியல் எண்ணை எழுதச் சொல்லி, அது பெட்டியிலும் லேப்டாப்பின் அடியிலும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபாருங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டு, வாரன்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் தூசி தட்ட வேண்டியிருந்தால் கொண்டுவாருங்கள். உங்கள் முன்னாலேயே திறந்து காட்டுகிறேன்.